ஓரத்தில் ஒரு கை

— அனுமதியா? என் புருஷன் போட்டோவுக்கு நான் யாருகிட்டப்பா அனுமதி வாங்கணும்?

— கோவப்படாதீங்க அண்ணி. முதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலியில உக்காருங்க.

— உக்காந்து விருந்து சாப்பிட வரல. கொழுந்தன்னு ஒருத்தன் போட்டோ கடை வெச்சிருக்கானே, அண்ணன் படத்தைப் பெருசு பண்ணிக் குடுக்க மாட்டானான்னு வந்தேன். ஞாயித்துக்கிழமை சொந்தபந்தம் அத்தனையும் வீட்டுக்கு வருது. கூடத்துச் சுவத்துல ஆணி அடிச்சாச்சு. படம்தான் இல்ல. எல்லாரும் ஆணியைப் பார்த்து அழணுமா?

— பண்ணித் தர மாட்டேன்னு நான் சொல்லலையே. கேளுங்க அண்ணி, விஷயம் என்னன்னா, படம் எடுத்தவங்க சம்மதம் இல்லாம இந்தக் கடையில எதையும் பிரிண்ட் போடறதில்ல. அதோ, சுவத்துலயே எழுதி ஒட்டியிருக்கேன்.

— படிச்சேன். 'எடுத்தவர் அனுமதியின்றி அச்சிடப்படாது.' கூடப் பொறந்த தம்பி கடையில அண்ணனுக்கே இந்தச் சட்டம். நல்லா இருக்கு கதை.

— ஒரு தடவை சூடு பட்டவன் அண்ணி. கல்யாண வீட்டுக்காரங்க கேட்டாங்கன்னு இன்னொருத்தர் எடுத்த படத்தைப் பெருசு பண்ணிக் குடுத்தேன். அந்த ஆள் வந்து வாசல்லயே என் சட்டையைப் பிடிச்சான். 'என் உழைப்புல நீ சோறு திங்கறியா'ன்னான். தெருவே வேடிக்கை பார்த்துச்சு. அன்னைக்கு எழுதி ஒட்டினது.

— சரி. அனுமதியை நீயே எழுது, நீயே கையெழுத்துப் போடு, நீயே வாங்கி உள்ள வெச்சுக்கோ. படத்தை எடுத்தது நீதானே?

— யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? முதியோர் அட்டைக்கு போட்டோ வேணும்னு உங்க அண்ணன் இங்கதானே வந்தார். நீ வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுதான் அவர் சொன்னார். அவர் உன் கடைக்கு வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. அந்த அட்டையில ஒட்டினதும் இந்த மூஞ்சிதான், ஃபோன்ல வெச்சிருந்ததும் இந்த மூஞ்சிதான்.

— அட்டைக்கு வெட்டிக் குடுத்தது மட்டும்தான் நான். முகத்தைத் தனியா எடுத்து, பின்னாடி வெள்ளை போட்டுக் குடுத்தேன். பல்லு தெரியற படத்தை அட்டைக்கு எடுத்துக்க மாட்டாங்கண்ணேன்னு சொல்லிப் பார்த்தேன். 'எடுத்துக்குவாங்க, இல்லேன்னா அட்டையே வேண்டாம்'னார். இந்தப் படத்துலதான் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

— அப்ப எடுத்தது யாரு?

— அதை அப்புறம் சொல்றேன். கையில என்ன சுருட்டி வெச்சிருக்கீங்க? காட்டுங்க.

— பெரியவன் வேற கடையில போட்டுட்டு வந்தான், ஃபோன்ல இருந்ததைக் குடுத்து. பாரு உங்க அண்ணன் அழகை.

— அய்யய்யோ.

— சிரிக்காதே.

— சிரிக்கல அண்ணி. அண்ணனுக்கு முன்பல் ஒண்ணு பாதி உடைஞ்சிருக்குமே?

— உடைஞ்சதை ஒட்டிட்டாங்க. ஒட்டினதோட விட்டாங்களா, கூட ரெண்டு நட்டிருக்காங்க. தோலைப் பாரு, மெழுகு தேய்ச்ச மாதிரி. பெரியவன் மகன் பார்த்துட்டு, 'யாரு பாட்டி இது, டூத்பேஸ்ட் விக்கறவரா'ன்னு கேக்கறான். அழறதா சிரிக்கறதா சொல்லு.

— அந்தக் கடைக்காரன் மேல தப்பில்ல அண்ணி. ஃபோன்ல கைமாறி வர்ற படம் வாய்மாறி வர்ற சேதி மாதிரி. ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொட்டிப் போயிடும். கொட்டினது போக இருக்கற புள்ளியை வெச்சுப் பெருசு பண்ணச் சொன்னா, கம்ப்யூட்டர் பாவம் என்ன பண்ணும்? வாய்னு இருந்தா முழுப் பல்லு இருக்கும்னு அதுவா நினைச்சுக்கும்.

— அதுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே? அசல் உன்கிட்டதான் இருக்குன்னு பெரியவன் சொன்னான். அதனாலதான் இந்தப் படியை மிதிச்சேன். இல்லேன்னா மிதிச்சிருப்பேனா?

— தெரியும். அண்ணன் போன அன்னைக்குக்கூட நான் கேட்டுக்கு வெளியேதான் நின்னேன்.

— நின்னே. ஜன்னல் வழியா பார்த்தேன்.

— பார்த்துட்டும் உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லல.

— சொல்லியிருந்தா உன் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தவளும் உள்ள வந்திருப்பா.

— வந்தா என்ன அண்ணி? உங்க வயித்துல பொறந்த பொண்ணு. அவ அப்பன் முகத்தை அவ கடைசியா ஒரு தடவை பார்க்கக் கூடாதா?

— அந்தப் பேச்சை எடுக்காதே. அவளை வெளியே தள்ளினது நானா? உங்க அண்ணன். 'இனிமே அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது'ன்னு தட்டைத் தள்ளிட்டு எழுந்தார். உன் கடையில மிஷின் ஓட்டிக்கிட்டிருந்தவனைக் கட்டிக்கிட்டா. போட்டோ எடுக்கக் கத்துக் குடுக்கறேன்னு அவளைக் கூட்டிட்டுப் போனது யாரு? நீ. அந்தக் கல்யாணத்துல கேமராவைத் தூக்கிக்கிட்டு நின்னது யாரு? நீ. அண்ணன் கண்ணுல விரலை விட்டு ஆட்டிட்டு, அதை ஃபோகஸ் வேற பண்ணினே.

— பொண்ணு வீட்டுச் சொந்தம்னு அங்க வந்தது நான் ஒருத்தன்தான் அண்ணி. அந்த ஒருத்தனும் படம் எடுக்கலேன்னா அவகிட்ட என்ன இருக்கும்?

— சரி, சரி. படத்தைத் திற. எனக்கு வேலை கிடக்கு.

— ஸ்க்ரீன் வெளிச்சம் கண்ணுக்கு ஒத்துக்குமா? மாசம் தவறாம செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்கிட்ட போறீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்கார்.

— என் கண்ணை நான் பார்த்துக்கறேன். நீ திற.

— இருங்க, கனமான ஃபைல், மெதுவாத்தான் வரும். கேமராவுல விழுந்தது விழுந்தபடி இருக்கு, ஒரு புள்ளி குறையல. சுவத்துல எவ்வளவு பெருசு வேணும்?

— இவ்வளவு உசரம். அகலம் இவ்வளவு. ஜன்னல் கதவு ஒண்ணு இருக்குமே, அது மாதிரி.

— தாங்கும். வாசக்கதவு அளவு கேட்டாக்கூட இந்த ஃபைல் தாங்கும். ஆனா மினுமினுப்புப் பேப்பர் வேண்டாம். உங்க கூடத்துல எதிர்லயே ஜன்னல். வெளிச்சம் அடிச்சா அண்ணன் முகத்துல தெருதான் தெரியும், ஸ்கூட்டர் போறது வர்றது எல்லாம். மங்கலான பேப்பர்ல போடறேன்.

— உனக்கு இன்னும் எங்க கூடம் ஞாபகம் இருக்கு.

— அந்த ஜன்னல் ஓரமாத்தான் என் கட்டில் கிடந்துச்சு அண்ணி. நீங்க கல்யாணமாகி வந்த புதுசுல, நான் தூங்கறேன்னு நினைச்சு அண்ணனைத் திட்டுவீங்க. எல்லாம் காதுல விழும். இதோ, வந்துடுச்சு.

— இவ்வளவு பெருசா நான் பார்த்ததில்ல. கண்ணோரச் சுருக்கம்கூட சிரிக்குது. என்னத்தச் சொல்ல! இத்தனை வருஷம் கூடவே இருந்தேன். இந்தச் சிரிப்பை எங்க பூட்டி வெச்சிருந்தார் இந்த மனுஷன்? வீட்டுல சிரிச்சா குறைஞ்சு போயிடும்னு நினைச்சாரா? நாத்தனார் ஃபோன்ல பார்த்துட்டு கேக்கறா, 'அண்ணி, எங்க அண்ணனை யாரு இப்படிச் சிரிக்க வெச்சது'ன்னு. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல. 'நான்தான்'னு பொய் சொன்னேன்.

— முகத்துல நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. பல்லு உடைசல், தாடையில அந்தத் தழும்பு, எல்லாம் இருக்கட்டும். லென்ஸ் மேல இருந்த தூசி மட்டும் ரெண்டு மூணு இடத்துல விழுந்திருக்கு. அதைத் துடைச்சிடறேன்.

— பின்னாடி நீலமா என்னவோ தெரியுதே?

— அது மங்கல். ஆள் மட்டும் தெளிவா விழணும்னு எடுத்தது. பின்னாடி இருக்கறதெல்லாம் சும்மா கரைஞ்சு போயிடும்.

— அது என்ன, தோள் மேல?

— எது?

— கை மாதிரி இருக்கே. ஆமா, கைதான். குழந்தை கை. பின்னாலேருந்து அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டிருக்கு. அட்டையில இது இல்லையே? ஃபோன்லயும் இல்லையே?

— ரெண்டுமே நான் வெட்டிக் குடுத்தது. இது வெட்டாத படம்.

— யார் கை?

— யாரோ குழந்தை. பக்கத்துல விளையாடிக்கிட்டு இருந்திருக்கும்.

— யாரோ குழந்தைக்கு உங்க அண்ணன் தோளைக் குடுத்தாராக்கும்? சொந்தப் பேரன் முதுகுல ஏறினாலே 'இடுப்பு வலிக்குது, இறங்குடா'ன்னு கத்துவார். அழிச்சிடு அதை. ஞாயித்துக்கிழமை வர்றவங்க ஒவ்வொருத்தரும் 'யார் கை, யார் கை'ன்னு கேப்பாங்க. நான் எங்கேருந்து பதில் சொல்ல?

— அழிக்கறது லேசில்ல அண்ணி. கையை எடுத்தாலும் அது பிடிச்ச சுருக்கம் சட்டையில நிக்கும். அதை வேற இஸ்திரி போடணும். அதைவிடப் பெரிய சங்கடம், அண்ணன் தலை அந்தக் கைப்பக்கமாத்தான் சாஞ்சிருக்கு. கை போயிட்டா கழுத்துப் பிடிச்சுக்கிட்டவர் மாதிரி இருப்பார்.

— ஃபிரேம் போட்டு மறைச்சிடேன்.

— ஃபிரேம் ஓரத்தைத்தான் மூடும். இது நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு. அதுவும் போக, அந்த அனுமதி...

— மறுபடியும் அனுமதி!

— பெரியவன் ஃபோன் பண்ணதுமே நான் எடுத்தவங்ககிட்ட கேட்டுட்டேன் அண்ணி. தாராளமா போட்டுக்கட்டும்னாங்க. ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கையை அழிக்கக் கூடாது, வெட்டக் கூடாது, மறைக்கக் கூடாது. கை இருந்தா படம். கை இல்லேன்னா படமும் இல்ல.

— யாருப்பா அந்த மகாராஜா?

— தெரிஞ்ச போட்டோகிராஃபர்தான்.

— ஆள் பேரைச் சொல்ல வாய் வரல, நிபந்தனை மட்டும் மழை மாதிரி கொட்டுது. அந்த இடத்தைப் பெருசாக்கு. அப்படி என்ன கைன்னு பார்க்கறேன்.

— இதோ. நானே சொல்லணும்னு இருந்தேன், இதுல ஒரு சின்னத் தொல்லை இருக்கு. ஸ்வெட்டர் முழுக்கப் பச்சை. மணிக்கட்டுக் கிட்ட மட்டும் கடைசி ரெண்டு வரி மஞ்சள். இப்படியே போட்டா, பார்க்கறவங்க என் மிஷின்ல மை கலங்கிப் போச்சுன்னு நினைப்பாங்க. கை இருக்கட்டும்னு நீங்க சம்மதிச்சா, மஞ்சளைப் பச்சையா மாத்திடறேன். நிமிஷ வேலை. மாத்திடவா அண்ணி?

— இன்னும் பெருசாக்கு.

— போதுமா?

— இன்னும்.

— இதுக்கு மேல போனா நூல் இழைதான் தெரியும்.

— அதைத்தான் பார்க்கணும். அந்த முடிச்சு. உள்பக்கம் போட வேண்டிய முடிச்சு வெளியே துருத்திக்கிட்டிருக்கு.

— யாரோ அவசரத்துல பின்னியிருக்காங்க. சரி, அதையும் துடைச்சிடறேன். இப்படி ஒரு இழுப்பு...

— கையை எடு.

— அண்ணி?

— மவுஸ் மேலேருந்து கையை எடுப்பா! எதையும் துடைக்காதே. மஞ்சள் மஞ்சளாவே இருக்கட்டும். தப்பு தப்பாவே இருக்கட்டும். கொஞ்சம் தண்ணி குடு.

— என்ன ஆச்சு? முகமெல்லாம் வேர்த்திருக்கே? ஃபேனைத் திருப்பி வைக்கவா?

— தண்ணி குடுன்னேன்.

— இந்தாங்க. மெதுவா.

— பின்னாடி தெரியற அந்த நீலம், அது கதவுதானே?

— கதவுதான். எப்படிச் சொல்றீங்க?

— இப்ப சொல்லு. இதை எடுத்தது யாரு?

— சொன்னா இந்தப் படத்தை வாங்கிட்டுப் போக மாட்டீங்க.

— சொல்லலேன்னா இந்தக் கடையை விட்டே போக மாட்டேன். ராத்திரி ஷட்டரை இழுத்து விட்டு என்னையும் சேர்த்துப் பூட்டிட்டுப் போ.

— உங்க பொண்ணுதான் அண்ணி. அவ வீட்டு வாசப்படியில அவரை உக்கார வெச்சு எடுத்தா. அந்தக் கை உங்க பேத்தியோடது. முகம் அவர் முதுகுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு.

— ம்.

— 'ம்'மா? கூரை பிச்சுக்கிட்டுப் போகும்னு நினைச்சு நான் ரெண்டு நாளா தூங்கல.

— எத்தனை நாளா போயிட்டிருந்தார்?

— குழந்தை பொறந்ததுலேருந்து. வாரா வாரம், வெள்ளிக்கிழமை.

— வெள்ளிக்கிழமை. பென்ஷன் ஆபீஸ்.

— பென்ஷன் வேலை எப்பவோ முடிஞ்சுது அண்ணி.

— 'ஆபீஸர் வரல, முத்திரை குத்தல, அடுத்த வாரம் வரச் சொன்னான்.' நானும் அந்த ஆபீஸரைத் திட்டாத திட்டில்ல. ஒரு கிழவனை இப்படி அலைய விடறானே, இவன் உருப்படுவானா, இவன் கை விளங்குமான்னு. பாவம், யாரு பெத்த பிள்ளையோ! வீட்டுக்கு வந்தா பசிக்கலம்பார். கேன்டீன்ல ஏதோ தின்னேன்ம்பார். மூடி வெச்ச தட்டை நானே திறந்து நானே தின்னேன், 'இந்த வயசுல கண்ட இடத்துல தின்னு வயித்தைக் கெடுத்துக்கறாரே'ன்னு கவலைப்பட்டுக்கிட்டே.

— உங்ககிட்ட சொல்லிடுங்கன்னு எத்தனையோ தடவை சொன்னேன். கேக்கல.

— ஏனாம்?

— சொன்னா வருத்தப்படக் கூடாது. 'உங்க அண்ணி நெருப்புடா'ன்னார்.

— நானா?

— 'அவ பேரை எடுக்காதேன்னு கோவத்துல நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். உங்க அண்ணி, "அவ செத்துட்டா"ன்னே சொல்லிட்டா. பெத்தவ மனசே ஆறல. நான் போறது தெரிஞ்சா தாங்க மாட்டா'ன்னார். உங்களுக்குப் பயந்துதான் அண்ணி ஒளிஞ்சு ஒளிஞ்சு போனார். அப்புறம் போன குளிர்காலத்துல என்ன ஆச்சோ தெரியல, அந்தப் பேச்சையே விட்டுட்டார். 'அண்ணிகிட்ட எப்ப சொல்லப் போறீங்க'ன்னு கேட்டா சும்மா சிரிப்பார். 'நேரம் வரும்டா'ம்பார்.

— எனக்குப் பயந்து. நல்லா இருக்கு கதை. நான் அப்படிச் சொன்னது எதுக்கு? அவர் கோவத்துக்கு ஒத்து ஊத. புருஷன் ஒரு படி ஏறினா பொண்டாட்டி ரெண்டு படி ஏறணும்னு சொல்லி வளர்த்துட்டாங்க என்னை. ஏறினேன். அவர் பாட்டுக்கு இறங்கிட்டார். நான் இன்னும் மேலேயே நிக்கறேன்னு நினைச்சுக்கிட்டு, கீழேருந்து அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்திருக்கார்.

— ஆஸ்பத்திரியில இருக்கும்போதாவது நீங்க அவளைக் கூப்பிட்டிருக்கலாம்.

— கூப்பிடணும்னு எனக்குத் தோணலேன்னா நினைக்கறே? அவளைப் பார்த்ததும் ரத்தம் கொதிச்சு, போற உயிர் கோவத்தோட போயிடுமோன்னு பயந்தேன். கடைசி நாள் பேச்சு இல்ல. என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார், இமைக்காம. தண்ணி கேக்கறாருன்னு ஸ்பூன்ல எடுத்தேன். வேண்டாம்னு தலையை ஆட்டிட்டு மறுபடியும் என் வாயையே பார்த்தார். நர்ஸுகூட சொன்னா, 'எதையோ எதிர்பார்க்கறாரும்மா, ஏதாவது பேசுங்க'ன்னு. நான் என்ன பேசினேன் தெரியுமா? 'எல்லாம் சரியாயிடும், வீட்டுக்குப் போயிடலாம்'னேன். ஊரெல்லாம் சொல்ற பொய்யை நானும் சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டார்.

— அழாதீங்க அண்ணி.

— யாரு அழறா? உன் ஸ்க்ரீன் வெளிச்சம். அவ என்ன சொன்னா? நிபந்தனை போட்டாளே, ஏன்னு கேட்டியா?

— கேட்டேன். 'என் பேரைத்தான் அந்த வீட்டுல எடுக்கக் கூடாது. என் பொண்ணு கையாவது சுவத்துல இருக்கட்டும். வர்றவங்கெல்லாம் யார் கைன்னு கேக்கட்டும். அம்மா எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து பதில் சொல்லட்டும். இல்லேன்னா வெறும் ஆணியைப் பார்த்துக்கிட்டு இருக்கட்டும்'னா.

— அப்படியா சொன்னா?

— வாய் கூசாம சொன்னா. உங்க பொண்ணாச்சே.

— எழுதிக் குடுத்துட்டாளா?

— இந்தாங்க. அவ கையெழுத்துப் போட்டாச்சு. நிபந்தனைக்குச் சம்மதம்னு கீழே நீங்க போடணும். அவசரமில்ல, பெரியவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு...

— பெரியவனுக்குத் தெரியுமா? அப்பா அங்க போயிட்டு வந்தது?

— அது வந்து அண்ணி... மழை நாள்ல அவன்தான் கார்ல கொண்டு விடுவான்.

— ஓ! வீடு முழுக்க இந்தப் படம் ஓடியிருக்கு. நான் ஒருத்திதான் டிக்கெட் வாங்கல.

— உங்களை நோகடிக்கக் கூடாதுன்னுதான் எல்லாரும்...

— எல்லாரும் நல்லவங்கதான்ப்பா. நல்லவங்க எல்லாம் சேர்ந்துதான் ஒரு மனுஷனை வாயைப் பார்க்க வெச்சே அனுப்பியிருக்கோம். பேனா குடு.

— யோசிச்சுக்கங்க. கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நான் கையை அழிக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க நாத்தனார் முதல் ஆளா வந்து கேப்பாங்க.

— கேக்கட்டும். என் பேத்தி கைன்னு சொல்றேன். இந்தா, போட்டாச்சு. கோணலா இருக்கா? நீ எப்ப பிரிண்ட் எடுப்பே?

— முதல்ல இந்தக் கை இருக்கற இடத்தை மட்டும் ஒரு துண்டு போட்டுப் பார்ப்பேன். பேப்பர்ல மஞ்சள் எப்படி விழுதுன்னு தெரியணும். அது சரியா வந்துட்டா மிச்சமெல்லாம் சரியா வரும்.

— மஞ்சள் மங்கிடக் கூடாது. சொல்லிட்டேன்.

— இவ்வளவு நேரம் அழிக்கச் சொன்னதும் நீங்கதான், இப்ப மங்கக் கூடாதுங்கறதும் நீங்கதான்.

— அவளுக்கு ஃபோன் போடு.

— இப்பவா? வேண்டாம் அண்ணி. ஆள் வந்து போற கடை. இத்தனை வருஷம் பேசாம இருந்துட்டு, எடுத்த எடுப்புல இங்க நின்னு சண்டை போட்டா...

— போடு. சத்தமா கேக்கற மாதிரி வை.

— ரிங் போகுது. அவ அழுதா நீங்க கத்தக் கூடாது, சரிங்களா?

— சித்தப்பா? என்ன ஆச்சு? அம்மா கையெழுத்துப் போட்டாங்களா, கிழிச்சுப் போட்டாங்களா?

— சித்தப்பா இல்லடி. நான்தான். பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?

— அம்மா...

— அண்ணி!

— நீ சும்மா இருப்பா. தலையணையை உசரமா வெச்சுப் படுக்கப் போடுன்னேனே, செஞ்சியா?

— செஞ்சேன். நின்னுடுச்சு. ஏம்மா அப்புறம் வரவே இல்ல? செவ்வாய்க்கிழமை ஆனா பாப்பா அந்த நீலக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கறா.

— செவ்வாய்க்கிழமையா? அண்ணி, அப்ப அந்தக் கண் டாக்டர்?

— என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லப்பா. தெரிய வேண்டியது மட்டும்தான் தெரியல.

— அம்மா, சித்தப்பா சொல்லிட்டாரா? அப்பா இங்க வந்துக்கிட்டிருந்ததை?

— சொன்னார். நீதான் சொல்லல.

— எப்படிச் சொல்வேன்? சொல்லக் கூடாதுன்னு அவர் சத்தியம் வாங்கினார். அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நீ சத்தியம் வாங்கினே. உங்க ரெண்டு பேர் கிழமையும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்காம பார்த்துக்கறதே எனக்கு வேலையாப் போச்சு. தாத்தா வந்தா பாட்டி பேச்சை எடுக்காதே, பாட்டி வந்தா தாத்தா பேச்சை எடுக்காதேன்னு அந்தக் குழந்தைக்கு நான் பொய் சொல்லக் கத்துக் குடுத்தேன். கடைசியில என்ன ஆச்சு? எங்கப்பாவை நான் கேட்டுக்கு வெளியேருந்து பார்த்தேன்.

— திட்டு. ஆசை தீரத் திட்டு. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. படத்துல பாப்பா போட்டிருக்கறது நான் பின்னினதுதானே?

— ஆமா.

— அதை நான் அவர் எதிர்லயே உக்காந்து பின்னினேன்டி. 'யாருக்கு'ன்னார். மாடி வீட்டுக் குழந்தைக்குன்னேன். பச்சை நூல் பத்தாமப் போயி கடைசியில மஞ்சளைச் சேர்த்தப்ப, 'கடைக்குப் போய் வாங்கிட்டு வரவா'ன்னுகூட கேட்டார். மாடி வீட்டுக் குழந்தைக்கு இது போதும்னேன். அந்தக் கைதான் இப்ப அவர் கழுத்தைக் கட்டிக்கிட்டிருக்கு. சொல்லு. அவர் எதைப் பார்த்துடி அப்படிச் சிரிச்சார்?

— அதை விடும்மா.

— சொல்லுடி.

— பாப்பா பின்னாலேருந்து கட்டிக்கிட்டா. அவர் அந்தக் கையைப் பிடிச்சு மஞ்சளையே பார்த்தார். முடிச்சைத் தடவிப் பார்த்தார். 'உங்கம்மாவுக்கு நூல் கணக்கு இன்னும் வரல'ன்னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். 'அப்பா'ன்னு கூப்பிட்டேன். நிமிர்ந்தார். எடுத்துட்டேன்.

— அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

— தெரியும்மா. 'நானா கேட்டா சங்கடப்படுவா. அவளா வாயைத் திறந்து சொல்லட்டும், அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்கேன்'னார்.